அந்த இசைக்குழுவின் மின்சாரம் நான்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் சண்டிலிப்பாயில் ஒரு மெட்டல் இசைக்குழு இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பரவாயில்லை, அப்போதும் எங்கள் ஒழுங்கையில் யாரும் நம்பவில்லை. அதைப் பரிசோதனை இசை என்று என் தம்பி சொன்னான். பக்கத்து வீட்டு மாமி, நாங்கள் ஏதோ கடுமையான வருத்தக்காரரை வைத்துப் பராமரிக்கிறோம் என்று நினைத்து இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து தந்தார். குழுவில் மூன்று பேர் என்று அவர்கள் சொல்லித் திரிந்தார்கள். பச்சைப் பொய். நான்கு பேர். ஒருவன் பாடினான், ஒருவன் கிற்றார் வாசித்தான், ஒருவன் இரும்பில் அடித்தான். நான் சைக்கிள் உழக்கினேன்.

மின்சாரம் போய் மூன்று வருடமாகியிருந்தது. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைத்து, உப்புத்தண்ணீர் விட்டு இன்னும் பத்து நிமிடம் உயிரோடு வைத்திருக்கிற வைத்தியம் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அதுவும் சரிவராவிட்டால் சைக்கிள்தான். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பின் சில்லில் டைனமோவை முட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் ஏறியிருந்து உழக்க வேண்டும். மற்ற வீடுகளில் செய்தி கேட்பதற்கு உழக்கினார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கண்டறியாத கலைக்காக உழக்கப்பட்டது. அதுவும் இரட்டை டைனமோ. ஒன்று கிற்றார் சத்தத்தைக் கூட்டுவதற்கு, மற்றது ரேப் றெக்கோடருக்கு. இரண்டையும் சேர்த்து முட்டவிட்டால் வல்லை வெளியில் எதிர்காற்றுக்கு உழக்குகிற மாதிரி இருக்கும். வல்லை வெளியிலாவது உழக்கினால் ஒரு ஊருக்குப் போய்ச் சேரலாம்.

ஏன் நான் என்றால், மூன்று கலைஞர்களுக்கும் கையில் வேலை இருந்தது. "அக்கா, நீ உழக்கினாத்தான் சீரா வருது. நாங்கள் உழக்கினா ஏறி இறங்குது" என்று தம்பி ஐஸ் வைப்பான். ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்துகொண்டே சட்டையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிடுவேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்தேன். தொண்டர் என்றால் சம்பளம் இல்லை, மரியாதை உண்டு என்று அதிபர் சொல்வார். மரியாதையையும் நான் பெரிதாகக் காணவில்லை. தம்பிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையை ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டாம் முறைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். படித்ததை நான் காணவில்லை.

அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். ஆனால் அவருடைய கவலை புகையிலை பற்றியது அல்ல. தம்பியோடு படித்த பெடியன்கள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலருக்கு மதிலில் அஞ்சலிப் படம் ஒட்டப்பட்டது. சிலருடைய தாய்மார் கோயில் வாசலில் நின்று, போகிற வருகிற பெடியன்களை மறித்து, "என்ரை பிள்ளையைக் கண்டனீங்களோ" என்று கேட்டார்கள். தம்பியின் வயதுப் பெடியனுக்கு ஊரை விட்டு வெளியே போக இயக்கம் பாஸ் தராது. கனடாவிலிருந்து ஒருவர் பிடித்து இழுத்தால் எப்படியாவது எடுக்கலாம் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இழுப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்குக் கனடாவில் ஒரு மாப்பிளை பார்க்கப்பட்டது.

"நீ போனாத்தான் அவனை எடுக்கலாம் பிள்ளை" என்றார் அப்பா. சுற்றி வளைக்கவில்லை, அந்த வகையில் அவர் நல்ல மனிசன். என்னுடைய கலியாணம் ஒரு போக்குவரத்து ஏற்பாடு என்பதை எல்லோரும் வெளிப்படையாகவே கதைத்தார்கள். நானும் மூக்கால் அழவில்லை. எனக்குத் தம்பி சாகக்கூடாது. அவ்வளவுதான். அதற்காக ரொறன்ரோவில் எந்தத் தொழிற்சாலையில் எவர் வேலை செய்தாலும் அவரைக் கட்டத் தயாராக இருந்தேன். சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. பொருந்தாமல் விடுமா, பார்த்தவருக்கும் தம்பியின் வயதில் ஒரு மகன் இருந்தான்.

இனிக் கலைஞர்களைச் சொல்கிறேன். கிற்றார்காரன் குருநகர்ப் பெடியன். கடலில் இருந்து ஷெல் அடிக்கத் தொடங்க, குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்து ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இருந்தார்கள். ஓடி வந்த அன்று தாய் அவனிடம் மா அரிக்கிற அரிதட்டையும் சோற்றுப் பானையையும் தூக்கச் சொல்லியிருக்கிறா. அவன் கோயில் பாடகர் குழுவின் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தத் தாய் அதை மன்னிக்கவேயில்லை. கம்பி அறுந்தால் சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்து அதில் ஓர் இழையைக் கட்டினான். அறுந்துபோன தொலைபேசி ஒன்றின் காதுக்குழாயைக் கிற்றாருக்குள் ஒட்டி, அதிலிருந்து வயர் எடுத்துப் பழைய றேடியோ ஒன்றின் வயிற்றுக்குள் விட்டிருந்தான். ஸ்பீக்கரின் கடதாசி கிழிந்து, நான் சோற்றுப் பசையால் ஒட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது கரகரவென்று இரைந்தது. திறம், இதுதான் வேணும் என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பசைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இரும்புக்காரன் றேடியோ திருத்துகிறவரின் மகன். டைனமோவுக்கும் றெக்கோடருக்கும் நடுவில் வேண்டிய எல்லாவற்றையும் ஈயம் உருக்கி ஒட்டியவன் அவன்தான். வாய் திறக்கமாட்டான். ஒரு தார்ப் பீப்பா, பங்கருக்குப் போட்டு மிஞ்சிய ஒரு துண்டுத் தண்டவாளம், வெறும் ஷெல் கோது இரண்டு, இவைதான் அவனுடைய வாத்தியங்கள். உலகத்தில் மெட்டல் வாசித்தவர்களுக்குள் உண்மையாகவே இரும்பில் வாசித்தவன் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வியாதி எப்படித் தொற்றியது என்றால், ஜேர்மனியில் இருந்த ஒரு மச்சான் அனுப்பிய பொதியில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு கசற் வந்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை. என்னை உழக்கச் சொல்லிக் கேட்டார்கள். தொடக்கத்தில் ஆட்கள் கத்தினார்கள். எனக்குக் கால் களைக்கக் களைக்க றெக்கோடர் மெதுவாக ஓடியது, கத்தினவர்கள் உறுமினார்கள். அடுப்பில் பருப்பு பொங்குகிறதா என்று நான் எட்டிப் பார்க்கிற நேரம் உறுமல் பாதாளத்துக்கு இறங்கியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். "கேட்டனியோ, என்ன ஆழம்" என்றான். அந்த ஆழம் என்னுடைய முழங்கால் என்று எடுத்துச் சொன்னேன். "உனக்கு உது விளங்காது அக்கா" என்றான். ஆறு மாதமாக மூவரும் அந்த உறுமலைப் பழகினார்கள். ஐரோப்பாவில் எவனும் பாடாத ஒரு பாணியை என் களைப்பைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

பாட்டுகளில் அரசியல் இருந்தது, விஞ்ஞானம் இருந்தது. எல்லாம் தம்பி எழுதியவை. ஒரு பாட்டு, கொழும்பு அரசாங்கம் எங்களுக்கு அனுப்பக்கூடாது என்று தடைசெய்த சாமான்களின் பட்டியல். வேறொன்றும் இல்லை, பட்டியல்தான், உறுமலோடு. இன்னொன்று சந்தியில் நிற்கிற மின்மாற்றியைப் பற்றியது. அதில் ஒருவர் தன் ஆட்டைக் கட்டியிருந்தார். பாட்டில் மின்மாற்றி ஆட்டிடம் தன் பழைய பெருமைகளைச் சொல்லும், ஆடு குழை தின்னும். மூன்றாவது, கணனி ஒன்று நாட்டை ஆள்கிற பாட்டு. எங்கள் ஊரில் எவரும் கணனியைக் கண்ணால் கண்டதில்லை, தம்பியும்தான். அதனால் அதைப் பற்றி எதையும் துணிந்து எழுதினான். அந்தக் கணனி ஒவ்வொரு மனிதனிடமும் எங்கே போகிறாய் என்று கேட்டு, யாருக்கும் பாஸ் கொடுக்காது.

இந்தப் பாட்டு எப்படியோ வெளியே போய், ஒரு நாள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவர் எங்கள் பகுதிக்கு இயக்கத்தின் பொறுப்பாளர். வயது என்னைவிடக் குறைவு, கதை தாத்தாமாதிரி. கதிரையைப் போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, மூன்று பாட்டையும் பாடிக் காட்டச் சொன்னார்கள். நான் உழக்கினேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"உந்தப் பாஸ் குடுக்காத மெசின் ஆரைக் குறிக்குது?"

"அது கொழும்பிலை நிக்கிற மெசின் அண்ணை" என்றான் தம்பி, கண் இமைக்காமல்.

"அப்ப ஏன் தமிழிலை கேள்வி கேக்குது?"

"அது ரெண்டாயிரமாம் ஆண்டு அண்ணை. அப்ப எல்லா மெசினும் தமிழ் கதைக்கும்."

பொறுப்பாளர் யோசித்தார். தமிழ் முன்னேறுவதை அவரால் எதிர்க்க முடியவில்லை. "சொல்லு ஒண்டும் விளங்கேல்லை. விளங்கிறமாதிரிப் பாடினா மேடை தரலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். விளங்கினால் மேடை அல்ல, வேறு எதையோ தந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். போகும்போது அவர் தம்பியின் தோளில் கையைப் போட்டு, படலைவரை மெல்ல நடந்து கதைத்துக்கொண்டு போனார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிரச்சினை இல்லாமல் முடிந்ததே என்று பெருமூச்சு விட்டேன். என்னை விடப் பெரிய மடைச்சி அன்றைக்கு வலிகாமத்தில் இருந்திருக்கமாட்டாள்.

அடுத்த கிழமை மாப்பிளையிடமிருந்து செய்தி வந்தது. மாப்பிளையின் தாய் உடுப்பிட்டியில் இருந்தா, செய்தி எல்லாம் அவ வழியாகத்தான் வரும். படம் பார்த்தாராம், பிடித்ததாம். ஆனால் ஒருத்தி எப்படிக் கதைக்கிறாள் என்று தெரியாமல் எப்படிக் கட்டுவது, குரலை ஒரு கசற்றில் பதிந்து அனுப்பட்டாம். தொலைபேசி இல்லாத ஊரில் அது அப்போது வழக்கம்தான். தாய்மார் பிள்ளைகளுக்குக் கடிதத்தைப் பேசி அனுப்பினார்கள், பொம்பிளைமார் தங்களைப் பேசி அனுப்பினார்கள். அம்மா ஒரு தேவாரம், பிறகு நலம் விசாரிப்பு, பிறகு என் படிப்பு, பிறகு இன்னொரு தேவாரம் என்று ஒழுங்கு எழுதித் தந்தா. எனக்குச் சமைக்கத் தெரியும் என்பதை நான் சாதாரணமாக வாய் தவறிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதிவு நடந்தது. நான் கதைக்க வேண்டும், அப்படியானால் யார் உழக்குவது? "நான் உழக்கிறன்" என்று தம்பி ஏறினான். எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அவன் தானாகக் கேட்டுச் செய்த முதல் வேலை அது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது என்றும் சொல்லவேண்டும். அவன் ஆறுதலாக, மாட்டுவண்டி போகிற கணக்கில் உழக்கினான்.

"கொஞ்சம் கெதியா உழக்கன்ரா" என்றேன்.

"நீ கதையிலை கவனத்தை வை. மெசினை நான் பாக்கிறன்."

தேவாரம் பாடினேன், நலம் விசாரித்தேன், வாய் தவறிக் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொன்னேன். முடிந்ததும் போட்டுக் கேட்க வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் உழக்கப் போனேன். தம்பி இறங்கவில்லை. "நானே உழக்கிறன், நீ இருந்து வடிவாக் கேள்" என்றான். கேட்டோம். என்னுடைய குரல் என்னுடைய குரலாகவே வந்தது. அம்மா கண்ணைத் துடைத்தா. நல்லாத்தான் கிடக்கு என்று அப்பா எழுந்துபோனார்.

அப்போது வெறும் கசற் என்பது எங்கும் தேடிக் கிடைக்காத சாமான். மாமி ஒருவர் கந்தசஷ்டிப் பாட்டை அழிக்க மனமில்லாமல், ஆனாலும் ஒரு பிள்ளையின் கலியாணத்துக்கு என்று தந்தது அது. மற்றப் பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. "அக்கா, ஒரு பக்கம் சும்மா கனடா போகுது" என்றான் தம்பி. முடியாது என்றேன். அப்பா தோட்டத்துக்குப் போன நேரம் மூவரும் வந்து வரிசையாக நின்றார்கள். கிற்றார்காரன் தொப்பியைக் கழற்றினான். "ஒருக்கா எண்டாலும் எங்கடை சத்தம் வெளியிலை கேக்கட்டும் அக்கா" என்றான் தம்பி. அவன் கெஞ்சுகிற ஆள் இல்லை. நான் ஏறினேன். எனக்கு அப்பாமேல், அம்மாவின் அடிக்கோட்டின்மேல், கத்தரிக்காய்க் குழம்பின்மேல் இருந்த எல்லா எரிச்சலையும் சேர்த்து உழக்கினேன். றெக்கோடர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மூன்று பாட்டும் ஒரே மூச்சில் பதிந்தோம். இடையில் தண்டவாளம் சரிந்து பீப்பாவின்மேல் விழுந்ததும், பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டதும், நான் "ஐயோ கால்" என்று கத்தியதும் அதில் இருந்தன. அவர்கள் அதை அழிக்கச் சம்மதிக்கவில்லை. கலையாம்.

கசற், நேவி சுடுகிற கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போன ஒரு கிளாக்கரின் பைக்குள் போனது. அவர் உயிரோடு போய்ச் சேர்ந்தார், கசற்றும் போய்ச் சேர்ந்தது என்று பிறகு அறிந்தோம். அதற்குப் பிறகு பதில் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். மாப்பிளை தவறிப்போய் மற்றப் பக்கத்தைப் போட்டிருப்பார், நான் கட்டப்போவது பைத்தியக்கார வீட்டில் என்று நினைத்திருப்பார் என்று நான் நாளுக்குநாள் வெந்துகொண்டிருந்தேன். தம்பியின் வகுப்பில் இன்னும் இரண்டு கதிரை காலியானது. என்னுடைய இளிச்சவாய்த்தனத்தால், மூன்று பாட்டுக்காக, அவன் போகிற வழியை நானே அடைத்துவிட்டேன் என்று இரவிரவாக என்னையே திட்டிக்கொண்டேன். அவனோ அந்தக் காலத்தில் நல்ல பிள்ளையாகிவிட்டான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான். அம்மாவுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தான். படிக்கத் தொடங்கிவிட்டான் போல என்று அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தா.

நாலாம் மாதம் உடுப்பிட்டியில் இருந்து ஓர் ஆள் கடிதம் கொண்டுவந்தார். மாப்பிளை தாய்க்கு எழுதியதை அவ அப்படியே அனுப்பியிருந்தா. அப்பா விறாந்தையில் நின்று சத்தமாக வாசித்தார். பொம்பிளை பன்னிரண்டு வயதுப் பிள்ளைமாதிரிக் கீச்சுக்குரலில் கதைக்கிறாவாம். அதுவும் யாரோ துரத்துகிறமாதிரி அவ்வளவு கெதியாகவாம். தேவாரம் முடிந்ததே தெரியவில்லையாம். நரம்புத் தளர்ச்சி ஏதும் இருக்குமோ என்று தன் நண்பர்கள் ஐமிச்சப்படுகிறார்களாம். ஆகவே இந்தச் சம்பந்தம் சரிவராதாம். அடுத்த பந்தியில்: மற்றப் பக்கத்தில், ஊரில் பொம்பர் அடித்ததைப் பதிந்து அனுப்பியதற்கு மிகவும் நன்றியாம். அங்கத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் எல்லோரையும் இருத்திப் போட்டுக் காட்டினாராம். பெண் ஒருவர் "ஐயோ கால்" என்று கதறிய இடத்தில் சனம் விம்மி அழுததாம். எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்களாம்.

அப்பா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "பொம்பர் அடிச்சதை ஆர் பதிஞ்சது?" என்று கேட்டார். தம்பி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மெட்டல் குழுவுக்கு இதைவிடப் பெரிய அரங்கேற்றம் கிடைத்திருக்காது, மண்டபம் நிறைந்த சனம், எழுந்து நின்று மரியாதை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் கீச்சுக்குரல் எப்படி வந்தது? விஞ்ஞான ரீச்சருக்கு அது விளங்க ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. மெதுவாக ஓடுகிற றெக்கோடரில் பதிந்ததை, சரியான வேகத்தில் ஓடுகிற றெக்கோடரில் போட்டால் குரல் கெதியாகவும் கீச்சாகவும் வரும். ரொறன்ரோவில் றெக்கோடர் சுவரில் குத்தினால் ஓடும், கால் களைக்காது. இங்கே நாங்கள் மெதுவாகப் பதிந்ததை அதே மெதுவில் உழக்கிக் கேட்டோம், அதனால் பிழை தெரியவில்லை. உழக்கியே பழகிய சனத்துக்கு மட்டும்தான் இப்படி ஒரு பிழை விட முடியும். இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவருடைய முகம் வெளித்தது. "அப்ப பிழை மெசினிலை, பிள்ளையிலை இல்லை" என்று அம்மாவிடம் போய் இரண்டு முறை சொன்னார். அடுத்த நாள் விடிய, மாப்பிளையின் தாய்க்கு நேரில் விளங்கப்படுத்தவென்று உடுப்பிட்டிக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டுவிட்டார்.

அவர் போன பிறகு நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். தும்புத்தடி கையில் இருக்கத்தான் அது உறைத்தது. இந்தப் பிழையை நான் விடலாம், அப்பா விடலாம். என்னுடைய வலது கால் களைத்ததா இடது கால் களைத்ததா என்று கிற்றார் சத்தத்தை வைத்தே சொல்கிறவன் விடுவானா? உள்ளே போனேன். தம்பி றெக்கோடரின் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"ஓம்."

"தெரிஞ்சுதான் மெதுவா உழக்கினனி."

"ஓம் அக்கா."

ஓங்கி அறைந்தேன். அவன் தடுக்கவில்லை. "நான் ஆருக்காகடா உவனைக் கட்ட ஓமெண்டனான்? நாயே, உன்னை எடுக்கிறதுக்கு. எங்கடை அப்பர் உன்னை எடுக்கிறதுக்குத்தானே ஊரூரா உழக்கிறார்" என்று கத்தினேன். அவன் துணியை மடித்துவைத்தான்.

"அதுக்குத்தான் செய்தனான். நான் இயக்கத்துக்குப் பேர் குடுத்திட்டன் அக்கா. கசற் பதியிறதுக்கு முதலே குடுத்திட்டன். நீ அங்கை போய் ஆரோ ஒருத்தனோடை இருந்து எனக்காகக் காயிதம் எழுதிக்கொண்டிருப்பாய். நான் இஞ்சை இருக்கமாட்டன். இல்லாத ஆளுக்காக நீ ஏன் கலியாணம் கட்டோணும்?"

நான் சொன்னவை எல்லாம் நினைவில் இல்லை. அவனை அடித்தேன், பிறகு கட்டிப்பிடித்தேன், பிறகு திரும்பவும் அடித்தேன். போகவிடமாட்டேன் என்றேன். கணனிக்குப் பாட்டு எழுதுகிற உனக்குத் துவக்குத் தூக்க என்ன தெரியும் என்றேன். "ஆரோ தூக்கத்தானே வேணும்" என்றான். இந்தப் பெரிய கதைகளை எல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்கவில்லை, படலைவரை நடந்து கற்றுக்கொண்டது எனக்கு இப்போது தெரிந்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நான் படலையைப் பூட்டி, திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலைக்குக் குறுக்கே இருந்தேன். அப்பா வரும்வரை அசைவதில்லை என்று முடிவு. அவன் உள்ளே இருந்து, "அக்கா, சோறு இருக்கோ?" என்று கேட்டான். பானையில் இருக்கு, போட்டுத் தின் என்று முகத்தைத் திருப்பாமல் சொன்னேன். தின்கிற சத்தமும் கோப்பை கழுவுகிற சத்தமும் கேட்டன. மனம் மாறிவிட்டான் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் படலை ஒரு பெயருக்குத்தான். பின் வேலியில் எல்லோருக்கும் ஒரு பொட்டு இருக்கும், கிடுகை விலக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போக. உப்புக் கடன் வாங்க, மாமியோடு கதைக்க, என்று நான் பிறந்ததிலிருந்து அந்தப் பொட்டால் போய்வந்தவள். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு மணிபோல இரும்புக்காரன் வெளியில் இருந்து படலையைத் தட்டினான். இரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வசனம்: "அக்கா, அவன் போயிட்டான். சந்தியிலை வாகனத்திலை ஏத்தினவை. நான் கண்டனான்."

சந்திவரை ஓடினேன். மின்மாற்றியும் ஆடும் நின்றன. யாரிடம் கேட்க முடியும், கேட்டேன், எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா கோயிலால் வந்து, அர்ச்சனைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவனைத் தேடிக்கொண்டிருந்தா. நான் சொன்னேன். அவ அறைக்குள் போய் அவனுடைய பாயில் சுருண்டு படுத்துவிட்டா. பக்கத்து வீட்டு மாமி வந்து அருகில் இருந்தா.

நாலு மணிபோல அப்பா வந்தார். எதிர்காற்றில் உழக்கி முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே இறங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததைக் கண்டேன். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"பிள்ளை, விசயம் சரி. நீ சொன்னமாதிரியே அவவுக்கு விளங்கப்படுத்தினன். அவையளும் உழக்கித்தானே கேக்கினம், டக்கெண்டு விளங்கீட்டுது. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. இன்னொருக்காப் பதிஞ்சு அனுப்பட்டாம், மகனுக்குத் தான் எழுதிறாவாம். கசற்றும் தந்து விட்டவ." மடிக்குள் இருந்து எடுத்தார். கண்ணாடிக் கடதாசிகூடக் கிழிக்காத புதுக் கசற். அப்படி ஒன்றை நான் மூன்று வருடமாகக் கண்டதில்லை. "நாளைக்கே பதிவம். எங்கை தம்பி? இந்த முறை கெதியா உழக்கச் சொல்லு. இனிப் பயமில்லை, இந்த வருசத்துக்குள்ளை அவனை எடுத்துப்போடலாம்."

எனக்கு வாழ்நாளில் ஒரு நல்ல சொல் நேரத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. நான் வழக்கமாகக் கதைக்கிற அதே தொனியில்தான் அது வாயிலிருந்து விழுந்தது.

"இனி ஆரை எடுக்கிறதுக்கு அப்பா?"

உள்ளே அம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் வைத்து அழுதா. அப்பா கண்ணாடிக் கடதாசியைக் கிழித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. பெருவிரல் நகத்தால் ஒரு பக்கத்தைக் கிளப்பி, மெல்ல மெல்ல முழுவதையும் கிழித்து, கசற்றை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிடி பிள்ளை" என்றார்.